சுகுமாறன் கொடுத்த பிரம்பு

இருபத்து நான்கு வருடமாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுக்கும் ரமணி டீச்சர் ஒரு பிள்ளைமேல் பிரம்பு வைத்ததில்லை. பக்கத்து வகுப்பில் கத்திக்கொண்டிருக்கும் நான், சீதாலெட்சுமி, கோபம் வந்தால் ஸ்கேலால் கையில் ஒன்று போட்டுவிடுவேன். மறைப்பானேன்? அடித்தவள் நான் தப்பிவிட்டேன், அடிக்காதவள் மாட்டிக்கொண்டாள். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

ரமணி காப்பார் ஊர்க்காரி. அப்பா மீன் லோரி ஓட்டியவர். அவள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வாய்ப்பாடு தப்பிப்போனதற்கு ஒரு வாத்தியார் போட்ட அடியில் இடது சுண்டுவிரல் கோணிப்போனது, இன்னும் மடங்காது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்து சுபாங் ஜெயாவில் வேலைக்கு அனுப்பினாள். அவள் வகுப்பில் அடங்காத பிள்ளைக்குத் தண்டனை, வேலைதான். கத்துகிறவன் பலகை துடைப்பான், அடிக்கிறவன் மீன்தொட்டிக்குத் தீனி போடுவான், கடிக்கிறவன் நாள் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பான். "நீ டீச்சரா, வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டா?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள்.

எங்கள் பெற்றோரிடம் ஒரு பழக்கம் உண்டு. பள்ளி திறக்கும் நாளில் பிள்ளையோடு ஒரு பிரம்பையும், எங்கள் பேச்சில் ரோத்தான், கொண்டுவந்து டீச்சரிடம் கொடுப்பார்கள். தலைமையாசிரியர் அனுமதியில்லாமல் நாங்கள் அதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்கும் தெரியும். நான் வேண்டாம் என்று திருப்பிவிடுவேன். ரமணி வாங்கிக்கொள்வாள். "வேணாம்னா அது வீட்டுக்குத்தானே திரும்பிப் போகும்?" என்பாள். பிரம்பை நாளிதழில் சுற்றி, டேப் ஒட்டி, அதன்மேல் கொடுத்தவரின் பெயரும் கையெழுத்தும் தேதியும் வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பாள். இந்த வருடம் ஒன்பது சேர்ந்தது. அதில் ஒன்று, மேருவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சுகுமாறன் கொடுத்தது.

"கண்ண மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்த எடமெல்லாம் ஒங்க பொறுப்பு" என்று சொல்லி மகன் பிரவினை இரண்டாம் ஆண்டு வகுப்பில் விட்டுப்போனான். தாய் ஜொகூரில் வேலைக்கு இருந்தாள். வீட்டில் அப்பனும் மகனும் மட்டும்தான். பிரவின் லேசுப்பட்டவன் இல்லை. மேலே சுழலும் காற்றாடியில் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றி எறிவான், பக்கத்தில் இருப்பவனைக் கடிப்பான். மூன்று மாதம் ரமணியின் கையைப் பிடித்து நடந்தவன், பிறகு மணியடித்ததும் தானாகப் போய் மீனுக்குத் தீனி போட ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. பிரவினின் கெண்டைக்காலில் வரிவரியாகத் தழும்பு. பிறந்தநாள் விருந்தில் அவன் பெரியம்மா இராஜம்மா பார்த்துவிட்டு, "யாருடா அடிச்சது?" என்று கேட்டிருக்கிறாள். அப்பன் பக்கத்திலேயே நிற்கிறான். பிள்ளை "டீச்சர்" என்றது. சுகுமாறனும் ஆமாம் போட்டுவிட்டான். விடிவதற்குள் நாற்பது பேர் ரமணியைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். பிரம்பு கொடுத்த மற்ற எட்டுப் பேரும் அதில் அடக்கம். நல்லா இருக்குது நியாயம்!

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் பழனியப்பன் மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். அடித்ததாக ரமணி ஒப்புக்கொண்டால் வேறு பள்ளிக்கு மாற்றல், விஷயம் அதோடு முடிந்தது. அறைக்கு வெளியே அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"கையெழுத்துப் போடுவியாடி?"

"போடலேன்னா, சுகுமாறன் அந்தக் கோபத்த வீட்டுக்குப் போயி யாருமேல காட்டுவான்?"

"போட்டா மட்டும் விட்டுடுவானா? நாளைக்கும் அடிப்பான், நீ வாங்குன கெட்ட பேருல ஒளிஞ்சுக்குவான். ஒன் நல்ல மனசத் தூக்கிக் குப்பையில போடு!"

அவள் உள்ளே போனாள், நானும் பின்னாலேயே போனேன். சுகுமாறன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இராஜம்மா பிரவினைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

"சைன் பண்ணிடுங்க டீச்சர், பள்ளிக்கூடத்துப் பேரு முக்கியம்லா" என்று தலைமையாசிரியர் பேனாவை நீட்டினார்.

ரமணி பேனாவை வாங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வகுப்புக்கு ஓடி, மேசையிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, சுகுமாறன் பெயர் எழுதிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தலைமையாசிரியர் மேசையில் ஓங்கி அடித்தேன்.

"பாருங்க சார்! இவரு குடுத்த ரோத்தான். ஒட்டுன டேப் ஒட்டுனபடி இருக்குது. இதுலயா அடிச்சாங்க?"

சத்தம் கேட்டதும் பிரவின் பெரியம்மாவின் கையை உதறினான். ஓடினான். அப்பனிடம் இல்லை. ரமணியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

"இது இல்ல டீச்சர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "வீட்ல உள்ளது செவப்புப் பிடி."

சுகுமாறனின் கால் ஆட்டம் நின்றது. இராஜம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்தே விட்டான். "சின்னப் பையன் உளறுறான் சார்" என்றான்.

ரமணி முதலில் என்னைத்தான் முறைத்தாள். "பிள்ள முன்னால அப்படியா அடிப்ப? நடுங்குறான் பாரு!" பொட்டலத்திலிருந்து கையை எடுத்தேன். பிறகு அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். "சார், சமூகநலத் துறைக்கு நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடட்டுமா? இவன் இன்னிக்குப் பெரியம்மாவோட போவான்."

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். தலைமையாசிரியர் போனை எடுத்தார்.

"அப்ப என் ரோத்தானயாவது குடுங்க" என்று சுகுமாறன் கையை நீட்டினான். வெட்கங்கெட்டவன்!

ரமணி கோணல் விரலுள்ள கையைப் பொட்டலத்தின்மேல் வைத்தாள். "எங்கிட்ட குடுத்தது எங்கிட்டதான் இருக்கும். அந்தச் செவப்புப் பிடியயும் கொண்டாந்து குடுங்க."

அவன் கொண்டுவரவில்லை. மறுநாள் காலை இராஜம்மா கொண்டுவந்தாள், பிரவினின் துணிமணியை எடுக்க அவன் வீட்டுக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் தொங்கியதாம். ரமணி வழக்கம்போல நாளிதழில் சுற்றி டேப் ஒட்டினாள். தேதி எழுதினாள். யார் பெயரைப் போடுவது என்று இராஜம்மா யோசித்து நிற்கும்போது, பிரவின் பேனாவை வாங்கிக்கொண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, "அப்பா" என்று எழுதினான். எழுதி முடித்துவிட்டு மீனுக்குத் தீனி போடப் போனான்.