மாமா பிடித்த காணிக்கைப் பை

எங்கள் சபையில் பிரசங்கம் செய்கிறவரைவிடக் காணிக்கைப் பை பிடிக்கிறவருக்குத்தான் மதிப்பு அதிகம் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். பிரசங்கத்தின்போது பாதிப் பேர் கண்ணயர்ந்துவிடுவார்கள். பை வரும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். சிவப்பு வெல்வெட் துணி, ஓரத்தில் ஜரிகை, இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, கடைசியில் பாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் கண்ணை மூடி ஜெபித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கலாம். மொத்தச் சபையும் நம்மைப் பார்க்கும்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு நடந்த சின்னச் சபை அது. வருஷத்தில் ஒரு நாள், பாலர் ஞாயிறு அன்று, எல்லா வேலையையும் பிள்ளைகளே செய்வோம். ஞாயிறு காலை நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு ஒழுங்காக வந்து, வேத வசனங்களைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தான் பை. அந்த வருஷம் அது நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மை போட்டிருந்தபோதுகூட வருவேன் என்று அடம்பிடித்தவள் நான். வீட்டில் அம்மாவின் காய்கறிப் பையை வைத்து நடந்து பழகியும் முடித்திருந்தேன்.

இதற்கு நடுவில்தான் மாமா வந்து சேர்ந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்குக் கை நீளம். மண்ணூர்பேட்டையில் வேலை பார்த்த பட்டறையில் பித்தளைத் துண்டுகளை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டு குக்கர் போனது. என் வெள்ளிக் கொலுசு போனது. இரண்டு தடவை உள்ளே போய்விட்டு வந்தவர், இரண்டாவது தடவை வெளியே வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதார்.

“கை தானா போவுதுக்கா. நான் வேணாம்னு சொல்லிகினே கீறேன், அது பாட்டுக்குப் போவுது” என்றார்.

அம்மா அவரைச் சபைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே அவர் முழங்காலில் நின்று அழுதார், ஜெபித்தார், ஞானஸ்நானமும் எடுத்தார். அன்றிலிருந்து சபைக்கே அவர் செல்லப் பிள்ளை. பாஸ்டர் கட்டிப்பிடிப்பார். சபையில் இருந்த அத்தைமார்கள் டப்பாவில் கறிக் குழம்பு கொடுத்தனுப்புவார்கள். அம்மா வீட்டில் அவருக்குத்தான் முதல் தோசை போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பிறந்ததிலிருந்து ஒரு பென்சில்கூடத் திருடாமல் இருந்த என்னை யார் கட்டிப்பிடித்தார்கள்? நல்ல பிள்ளையாக இருந்து என்ன கண்டோம் என்று ஆத்திரமாக வந்தது.

பாலர் ஞாயிற்றுக்கு முந்தின வாரம் பாஸ்டர் எழுந்து, “இந்தத் தடவ பைய நம்ம தம்பி எடுப்பாரு. இப்பத்தான் மறுபடி பொறந்திருக்காரு, சபையிலயே சின்னக் கொழந்த அவருதான” என்றார். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நான் திரும்பி அந்தக் குழந்தையைப் பார்த்தேன். அதற்கு மீசை இருந்தது.

மாமா கை தட்டவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. பெருமையில்தான் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்து இன்னும் எரிந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அம்மா பாஸ்டரிடம் ஓடினாள். எனக்காகத்தான் சண்டை போடப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன்.

“வேணாம் பாஸ்டர். அவன் கையில காசக் காட்டாதீங்க. எடுத்துகினு போய்ட்டான்னா, அப்புறம் எந்த மூஞ்ச வெச்சுகினு இங்க வருவான்? மொத்தமா போய்டுவான்” என்றாள் அம்மா. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“எத்தினி நாளைக்கு அந்தக் கையக் கட்டிப் போட்டு வெப்பீங்க சிஸ்டர்? அதுக்கு ஒரு நல்ல வேலையக் குடுத்துப் பாப்போம்” என்றார் பாஸ்டர்.

அப்பா வீட்டுக்கு வரும் வழியில், “பாஸ்டரப் பையோட சேத்து மைக்கையும் பத்திரமா பாத்துக்கச் சொல்லு” என்றார். எனக்கு அப்பாவை மிகவும் பிடித்துப்போனது.

பாலர் ஞாயிறு வந்தது. பைக்குப் பதிலாக எனக்குக் குழுப் பாட்டில் முன்வரிசையைக் கொடுத்திருந்தார்கள். புது கவுனைப் போட்டுக்கொண்டு நின்ற நான், மனதுக்குள் உருக்கமாக ஒரு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, மாமா இன்றைக்குத் திருடட்டும். பெரிதாக வேண்டாம், ஒரு பத்து ரூபாய் போதும்.

பாட்டு தொடங்கியது. மாமா பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பாடிக்கொண்டே அவருடைய கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நான் மட்டும் பார்க்கவில்லை. காணிக்கை போட்டவர்கள், பை அடுத்த வரிசைக்குப் போன பிறகும் அதையே பார்த்தார்கள். ஒரு அத்தை தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். அம்மா தலையைக் குனிந்து, முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசை படிக்கட்டுக் கதவை ஒட்டி இருந்தது. கதவு திறந்திருந்தது. இறங்கினால் தெரு. கடைசி ஆளும் காணிக்கை போட்டாயிற்று. மாமா திரும்பி வரவில்லை. கதவுக்கு எதிரே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பாட்டு முடிந்தது. பாஸ்டர் அவரைக் கூப்பிடவில்லை. கடைசிச் சரணத்தையே மறுபடியும் பாடச் சொல்லி எங்களுக்குச் சைகை காட்டினார். என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மாமா திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. பிள்ளைகளின் வரிசையில் என்னைத் தேடினார்.

“பாப்பா, இங்க வா” என்றார்.

ஓடினேன். “இந்தப் பக்கத்த நீ புடி. என்னால தனியா முடியல. கூட வா” என்றார். நான் ஒரு கைப்பிடியைப் பிடித்தேன். மற்றதை அவர் இரண்டு கையாலும் பிடித்தார். பை ஆடிக்கொண்டே வந்தது. கடைசியில் அது யாருக்குச் சேர வேண்டியது என்பது அவருக்கே புரிந்துவிட்டதென்று, தலையை நிமிர்த்தி நடந்தேன். பாஸ்டர் பையை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அம்மா வாய்விட்டு அழுதாள். நான் நடந்த அழகு அப்படி என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை மாமாவுக்குப் பை முறை வந்தது. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவார். நானும் சும்மா போவதில்லை. ஜடையைச் சரிசெய்து, கவுனை இழுத்துவிட்டு, இரண்டாம் தடவை கூப்பிடும்வரை காக்கவைத்துத்தான் போவேன். நான் இல்லாமல் மாமாவால் ஒன்றும் ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் சொல்லிக்கொண்டேன். அவர்மேல் இருந்த பொறாமைகூடக் கொஞ்சம் அடங்கியிருந்தது.

அடுத்த பாலர் ஞாயிறும் கடந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பையை எடுத்தார். நான் ஜடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தனியாகவே நடந்தார். கடைசி வரிசைவரை போய், அந்தத் திறந்த கதவுக்கு எதிரே சாதாரணமாகத் திரும்பி, முன்னால் வந்து பையைக் கொடுத்தார். எழுந்து நின்ற நான் எப்படி உட்கார்ந்தேன் என்றே தெரியவில்லை. அவமானம் காதுவரை சுட்டது.

அன்று மதியம் எங்கள் வீட்டில் மட்டன் பிரியாணி. மைக்கைப் பற்றிக் கிண்டல் செய்த அப்பாவே போய்க் கறி வாங்கி வந்திருந்தார். அம்மா சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். என் பிறந்தநாளுக்குக்கூட இந்தக் கூத்து நடந்ததில்லை. எனக்குத் துரோகம் செய்தவருக்கு விருந்தா என்று வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா கூப்பிட்டாள், போகவில்லை. அப்பா கூப்பிட்டார், போகவில்லை.

கடைசியில் மாமா தட்டில் பிரியாணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏன் மாமா என்னைக் கூப்புடல?” என்றேன்.

“இன்னிக்கு நீ தேவப்படல பாப்பா” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படிப் பூரித்திருந்தது. இன்னொரு தடவை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “தேவையே படல பாப்பா” என்றார்.

நீ தேவையில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே, அதுவும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடியுமா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, இனிமேல் மாமாவோடு பேசவே போவதில்லை என்று முடிவு செய்தேன்.