அண்ணி வாய் மூடிய ஆறு மாதம்

இனிமேல் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

பித்தப்பையில் கல் என்று போனவள் நான். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்தைத் தாங்குவேனா என்று பார்க்க நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த சின்ன டாக்டர், வைத்ததை எடுக்கவே இல்லை. பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். இரண்டு பேரும் ரேடியோவில் கிரிக்கெட் கேட்பவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் கல் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு எக்கோ, சிடி ஸ்கேன் என்று கதவு கதவாக அனுப்பினார்கள். கடைசிக் கதவில் இருந்த இதய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் ஒரு வால்வு. எல்லோருக்கும் அதில் மூன்று இதழ். எனக்குப் பிறவியிலேயே இரண்டு. அதற்கு மேலே கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும். வளர்ந்திருந்தால் நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயை வெட்டிவிட்டு, துணியில் செய்த குழாயை வைத்துத் தைக்க வேண்டும். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, பிரஷர் ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது.

"வெடிச்சிட்டா சார்?" என்று கேட்டார் என் கணவர். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"கோவப்படாம எப்டி சார் இருக்கறது? நான் டிரெய்லர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன்" என்றேன் நான்.

அவருக்குப் புரியவில்லை. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனியில் எனக்குப் போனில் கத்துவதுதான் உத்தியோகம். எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது, டிரைவர் நிஜமாகவே வண்டிக்குள் இருக்கிறானா, டீக்கடையில் இருக்கிறானா என்று குரலை வைத்தே கண்டுபிடித்து விரட்ட வேண்டும். என் உடம்பு விஷயம் பரவிய மறுநாளே டிரைவர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. "அக்கா, நீங்க டென்சன் ஆவாதீங்க. ஹார்பர் கேட்டாண்ட வந்துட்டேன்" என்பான் ஒருவன். பின்னால் டமால் டமால் என்று இரும்புத் தகடு இறக்குகிற சத்தம் கேட்கும். துறைமுக கேட்டில் எவன் தகடு இறக்குகிறான்? சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையை விட்டே அவன் கிளம்பவில்லை. தெரிந்தும் நான் "சரிப்பா, பாத்து வா" என்பேன். சொல்லிவிட்டுப் பல்லைக் கடிப்பேன். பல்லைக் கடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ஆபீஸைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீடுதான் என்னைக் கொன்றது.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. மாடியில் நாங்கள். கீழே என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. காசிமேட்டில் மீன் விற்கிறவள். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த்தொட்டி, ஒரு மோட்டார், ஒரு மொட்டைமாடி. சண்டைக்கு இது போதாதா? நான் கல்யாணமாகி வந்த வாரத்தில் ஆரம்பித்தோம். மோட்டாரை யார் நிறுத்த மறந்தது, துணிக்கொடியில் யார் பங்கு எது, துறைமுகத்திலிருந்து பறந்து வந்து மாடியில் படிகிற கரியை யார் பெருக்குவது என்று தினம் ஒன்று கிடைக்கும். அவள் குரல் ஏலத்தில் பழகியது, என் குரல் டிரெய்லரில் பழகியது. நாங்கள் ஆரம்பித்தால் சந்தில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். ஆனால் எங்களுக்குள் ஒரு நியாயம் உண்டு. செத்தவர்களை இழுக்கக் கூடாது. சோற்று நேரம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு வரும். "துன்னட்டும், அப்பதான் கத்தத் தெம்பு வரும்" என்று சொல்லியனுப்புவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் நான்தான் மோட்டாரை நிறுத்த மறந்தேன். தொட்டி நிரம்பி, தண்ணீர் அவள் வாசலில் இறங்கி, செருப்பை மிதக்கவிட்டுச் சந்தில் ஓடியது. நான் படியில் தயாராக நின்றேன். அண்ணி வெளியே வந்தாள், மோட்டாரை அணைத்தாள், செருப்பைப் பொறுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவால்லம்மா. நீ போயி குந்து" என்றாள்.

அம்மா! இத்தனை வருஷத்தில் 'ஏம்மே' என்பதைத் தவிர வேறு எப்படியும் என்னைக் கூப்பிடாதவள்.

என் கணவர் இன்னொரு விதம். ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பது அவர் தாரக மந்திரம். எங்கள் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் வருஷக்கணக்காக வாளியை முட்டுக்கொடுத்துக் குளித்துக்கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்த வாரத்தில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. மின்விசிறி ஆட்டம் நின்றது. வஞ்சிரம் என்று வாய் தவறிச் சொன்னால் அன்று மத்தியானமே தட்டில் வஞ்சிரம். எதையும் நாளைக்குத் தள்ளிப் போடுவதே இல்லை அந்த மனுஷன். பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நான் தும்மினால்கூட "கைய நீட்டு" என்று வந்து நின்றார். அவர் மெஷினோடு வருவதைப் பார்த்ததுமே எனக்குப் பிரஷர் ஏறியது.

இது குடும்பத்தில் வருகிற கோளாறு, பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காட்டுப்பள்ளியில் வேலை பார்க்கும் என் மகன் சிரித்துக்கொண்டேதான் எக்கோவுக்குப் போனான். அவனுக்கு மூன்று இதழும் சரியாக இருக்கிறது என்று போன் வந்தபோது நான் பாத்ரூமுக்குள் போய், புதுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தத் தாழ்ப்பாளால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அது.

மற்றபடி என் கவலையெல்லாம் கீழ்வீட்டு மௌனம்தான். அதை உடைக்க நான் என்னென்ன செய்தேன்! அண்ணியின் கொடியில் என் போர்வையைப் பிழியாமல் சொட்டச் சொட்டப் போட்டேன். திரும்ப வந்து பார்த்தால், பிழிந்து உதறி அழகாகப் போட்டிருந்தாள். மாடியில் அவள் பக்கத்தில் என் நெத்திலியைக் காயவைத்தேன். மத்தியானம் போனால் அதைத் திருப்பிவிட்டு, காக்கா வராமல் வலை வேறு மூடி வைத்திருந்தாள். ஒருவரோடு சண்டை போட இவ்வளவு பாடுபட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். அவள் வாசலில் இரண்டு மூன்று பேர் நின்று பேசிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து இறங்கிப் போனேன். "அண்ணி, நேத்து நீ குடுத்த வஞ்சிரம் நாறிப்போச்சு. வாயில வைக்க முடில" என்றேன் சத்தமாக.

காசிமேட்டில் மீன்காரியிடம் இதைச் சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்பியவர் கிடையாது. நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கு விடைத்தது. வாய் திறந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்டியா?" என்றாள். எச்சிலை விழுங்கினாள். "வேற நல்லதா தரேன்மா."

உள்ளே போய்விட்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் சுவரில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது.

அன்றைக்குத்தான் நான் நிஜமாகப் பயந்தேன். தன் மீனை நாறுகிறது என்று சொன்னதை ஒருத்தி பொறுத்துக்கொண்டாள் என்றால், டாக்டர் என்னிடம் சொல்லாத எதையோ இவர்களிடம் சொல்லியிருக்கிறார். நான் பிழைக்கப் போவதில்லை. சாகப் போகிறவளோடு யாராவது சண்டை போடுவார்களா? படியேறி வந்து கணவரைப் பிடித்தேன்.

"டாக்டரு உன்னாண்ட தனியா இன்னா சொன்னாரு? நெஜத்த சொல்லு."

"ஒண்ணும் சொல்லல. மொதல்ல கைய நீட்டு" என்றார் அவர், மெஷினைப் பிரித்துக்கொண்டே.

ஸ்கேன் நாள் வந்தது. ஆட்டோவில் ஏறினால் அண்ணி முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். மீன்கூடைக்கு அன்று விடுமுறை. நல்ல புடவை, நெற்றி நிறையத் திருநீறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் உயிர் போகிற பயத்தைவிட அந்தப் பிடி என்னை அதிகமாக உலுக்கியது.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்படியேதான் இருக்கு. வளரல. இனிமே வருஷத்துக்கு ஒரு தரம் வந்தாப் போதும்" என்றார். என் கணவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். நான் அப்படியே நாற்காலியில் சாய்ந்தேன்.

அண்ணி மட்டும் மேஜையை நெருங்கினாள். "குணமாயிட்ச்சா டாக்டரு?"

"குணம்னு சொல்ல முடியாதும்மா. இது இப்படியே இருக்கும். நாம பாத்துக்கிட்டே இருக்கணும்."

"இப்போதிக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"பிரஷர் கட்டுப்பாட்டில இருந்தா பயப்பட வேண்டாம்."

"அப்போ சண்டை போடலாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரோட?"

"இவளோடதான்."

எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. எனக்கு வீக்கம் என்று தெரிந்த அன்று எங்கள் தெரு அம்மனிடம் போய் வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதத்தில் இவளுக்கு ஒன்றும் ஆகாமல் ஸ்கேன் நல்லபடியாக வர வேண்டும். அதுவரைக்கும் இவளிடம் குரலை உயர்த்த மாட்டேன். "மீன் துன்றத வுடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன் டாக்டரு. ஆத்தாளுக்கு அது பத்தாதுன்னு தோணிச்சு. இருக்கறதுலயே கஷ்டமானத குடுக்கணும் இல்ல?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பேசுங்க. ஆனா கத்த வேண்டாம்" என்றார்.

"கத்தாம எப்டி டாக்டரு சண்டை போடறது?" என்று கேட்டாள் அண்ணி. உலகத்திலேயே நியாயமான கேள்வி அது. அவர் மணியடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஆட்டோ சந்து முனைக்கு வரும்வரை பொறுத்தாள். இறங்கினாள். அம்மன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஏம்மே!" என்றாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவ்வளவு இனித்திருக்காது. முதல் நாள் மோட்டாரிலிருந்து ஆரம்பித்தாள். மிதந்த செருப்பு, சொட்டிய போர்வை, நெத்திலி, தாழ்ப்பாள் அடிக்கிறேன் என்று தன் தலைக்கு மேலே தம்பி சுத்தியலால் தட்டியது வரைக்கும் ஒன்று விடாமல் வந்தது. அத்தனையையும் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள் மகராசி. சந்தில் டிவிகள் அடங்கின. வஞ்சிரத்துக்கு வந்தபோது குரல் உச்சத்துக்குப் போனது.

"எம் மீனு நாறுதா? எம் மீனா? காசிமேட்டுல எவனாச்சும் சொல்லிட்டு வூடு போயி சேந்திருப்பானா? நாலு பேரு முன்னால சொல்ற! நாறுனது உன் மூக்குடி!"

"அப்போ ஏன் வாயத் தொறக்கல? கல்லு மாதிரி நின்னியே அண்ணி, நான் செத்துப்பூடுவேன்னு நெனச்சுட்டேன்!" என்று படியிலிருந்து நானும் கத்தினேன். அளவாகத்தான் கத்தினேன்.

"சாவறாளாம்! மூஞ்சப் பாரு!"

என் கணவர் மெஷினோடு நடுவில் ஓடி வந்தார். "கைய நீட்டு" என்று அவர் சொல்லி முடிக்கும் முன்னால் "தள்ளு" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் தள்ளிப்போய்ச் சுவரோரமாக நின்றார்.

எங்கிருந்தோ குக்கர் விசில் கேட்டது. சோற்று நேரம். அண்ணி சட்டென்று நிறுத்தி, செருகிய முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போ, போயி சோறு துன்னு. மாத்திரைய மறக்காம போடு. இன்னும் பாதிகூட ஆவல. மீதிய நாளைக்கு வச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நாளைக்கு. ஆறு மாதமாக ஒருத்தர்கூட என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் மெதுவாக வந்து என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. நாளைக்கு அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.