சொர்க்கவாசல் டிக்கெட்

எங்கள் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கும் சைபர் பாதுகாப்புக் குழுவின் தலைமைப் பதவிக்கான நேர்காணலில், "குடும்பத்தையும் பாத்துக்கிட்டு இதையும் சமாளிப்பீங்களாம்மா?" என்று மேலாளர் என்னைக் கேட்டார். எனக்குச் சுர்ரென்றது.

"போன வாரம் ஒரு மெயில் வந்துச்சே சார், பாஸ்வேர்டு போட்டா ஸ்ரீரங்கம் சொர்க்கவாசல் திறப்புக்கு இலவச டிக்கெட்டுன்னு? யார் ஏமாறுறாங்கன்னு பாக்க நான்தான் அனுப்பினேன். முதல்ல பாஸ்வேர்டு போட்டது நீங்கதான்."

நேர்காணல் செய்த மற்ற இருவரும் தண்ணீர் குடித்தார்கள்.

பதவி எனக்கே கிடைத்தது. உத்தரவைக் கொடுக்கும்போது மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "டிக்கெட் வந்துடும்னு வீட்டுல சொல்லிட்டேங்க. நீங்க ஸ்ரீரங்கம்தானே, ரெண்டு கிடைக்குமா?"

பாவம், குடும்பத்தையும் வேலையையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் திண்டாடியது அவர்தான்.