சலவைக் கூடத்தில் எல்லாரும் தலைவர்கள்

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளை மைக்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுயர மெஷின்கள் இரைகிற அந்த இடத்தில், இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கிற ஒரே தொண்டை அவளுடையது. வந்திறங்கும் துணியில் கறை பட்டது, சாயம் போவது, சும்மா அழுக்கானது என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. டாக்டர்களின் அங்கிப் பையில் கிடக்கும் பேனா மூடிகூட அவள் கைக்குத் தப்பாது.

மேற்பார்வையாளர் பதவி காலியானதும், அது தனக்குத்தான் என்று மனதுக்குள் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டாள். மேலாளர் வேறு மாதிரி நினைத்தார்.

"வேலை எல்லாருக்கும் தெரியும்மா. தலைமைப் பண்பு யாருக்கு வருதுன்னு பாத்துதான் குடுப்பேன்" என்று சொல்லி, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்.

வகுப்பில் சொன்னது இதுதான்: அன்றாட வாழ்வில் எல்லாரும் தலைவர்களே. தலைவர் அதட்டமாட்டார், கேள்வி கேட்பார். எந்தக் காரியத்துக்கும் முதலில் நோக்கம் வேண்டும்.

அவள் வீட்டிலேயே ஒத்திகையைத் தொடங்கினாள். குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, இந்தக் குளியலோட நோக்கம் என்ன?"

"அழுக்குப் போறதுதான், வேறென்ன? அந்தத் துண்டை எடுத்துக் குடு."

"துண்டு எங்க இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

அண்ணன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கூடத்தில் கூத்து இன்னும் பெரிது. வகுப்புக்குப் போனவர்கள் அத்தனை பேரும் தலைவர்களாகத் திரும்பியிருந்தார்கள், தொண்டர்தான் ஒருவரும் இல்லை. இஸ்திரிக்காரர் பெட்டியை அணைத்துவிட்டுத் தொலைநோக்கைப் பற்றிப் பேசினார். வழியில் கிடந்த வாளியை எல்லாரும் சுற்றிப் போனார்கள். அதை நகர்த்தும் பொறுப்பை ஒவ்வொருவரும் அடுத்தவருக்குப் பகிர்ந்தளித்திருந்தார்கள்.

அன்று காலை அறுவைச் சிகிச்சை அறைக்குப் புதிதாக வாங்கிய பச்சை விரிப்புகள் முதல் சலவைக்கு வந்தன. புதுச் சாயம் கண்டிப்பாகப் போகும். டாக்டர்களின் வெள்ளை அங்கிகள் கிடந்த மெஷினுக்குள் மெஷின்காரர் அந்த விரிப்புகளைத் திணிப்பதை அவள் பார்த்தாள். ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். ஆனால் மேலாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புன்னகையோடு கிட்டே போனாள்.

"அண்ணே, இந்த முடிவைப் பத்தி உங்க மனசு என்ன சொல்லுது?"

மெஷின்காரர் நெகிழ்ந்துபோனார். "இத்தனை வருசத்துல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல, அக்கா. நல்ல முடிவுன்னுதான் சொல்லுது" என்று பொத்தானை அமுக்கினார். கதவு பூட்டிக்கொண்டது. துவைத்து முடியும்வரை அது யாருக்கும் திறக்காது.

மதியம் பெரிய டாக்டர் தம் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். பாசி பிடித்த தொட்டியில் முக்கி எடுத்ததுபோல இருந்தது அது. தலைவர்கள் அத்தனை பேரும் உலர்த்தும் அறைக்குள் புகுந்துகொண்டார்கள். வெளியே மேலாளரும் அவளும்தான்.

"யார் வேலை இது?"

"பச்சைத் துணி உள்ள போறதைக் கண்ணால பாத்தேன், டாக்டர். கத்தியிருந்தா நின்னிருக்கும். கத்தல."

"ஏன் கத்தல?"

அவள் மேலாளர் நின்ற பக்கம் திரும்பாமலே சொன்னாள். "மேற்பார்வையாளர் வேலை வேணும்னு இருந்தேன். கத்துனா கிடைக்காதுன்னு நினைச்சேன்."

டாக்டர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தரையைப் பார்த்தார்.

"இது திரும்ப வெள்ளையாகுமா?"

"ப்ளீச்சுல ஊறப்போட்டா நாளைக்குக் காலையில ஆயிடும். அதுவரைக்கும் பச்சைதான், டாக்டர்."

அவர் போனதும் மேலாளர் உலர்த்தும் அறைப் பக்கம் குரல் கொடுத்தார். "நாளைக்கு டாக்டர் முன்னால போய் நின்னு பதில் சொல்லணும். மேற்பார்வையாளரா வர்றவங்க வெளிய வாங்கப்பா."

உள்ளே ஒருவரும் இருமக்கூட இல்லை.

"அப்ப நீதான்மா" என்றார் அவளிடம், வேண்டாவெறுப்பாக.

அவள் போய் அறைக் கதவைத் திறந்தாள். "மெஷின்காரரே, ப்ளீச் கேனைத் தூக்குங்க. இஸ்திரி அண்ணே, அந்த வாளி."

நோக்கம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.