மதினி அறுத்த கொண்டி

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் ஒரு துளை. ஒரு முனை வழவழப்பாகவும் மறுமுனை ரம்பம் தின்ற தடத்தோடும் இருக்கும். ஒரு ஷெட்டின் ஷட்டர் அடியில் பூட்டு மாட்டுவதற்காகப் பற்றவைத்திருந்த கொண்டி அது. காகிதம் வெட்டுகிற கட்டிங் மெஷின் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கிய அன்று மதினி அதைத் தன் கையாலேயே அறுத்தெடுத்தார். சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஆக்சா பிளேடை இழுத்துக்கொண்டிருந்தார். இரும்புத் தூள் அவர் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"என்ன கொழுந்தனாரே, பாத்துக்கிட்டே நிக்கீக? இந்தப் பக்கம் புடிங்க, ஆடுது" என்றார்.

பக்கத்தில் நின்ற எங்கள் தெரு பைண்டிங்காரருக்குப் பொறுக்கவில்லை. "பூட்டு இல்லாம போட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான் தாயீ" என்றார்.

"அம்புட்டு கனத்தைத் தூக்குறவன் பயில்வான்லா அண்ணாச்சி. அவனே வச்சுக்கிடட்டும்."

எல்லோரும் சிரித்தோம். கொண்டி கழன்று விழுந்ததும் அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "பத்திரமா வச்சிருங்க. எப்பவாவது யாராவது இதைத் திருப்பி ஒட்ட வந்தாங்கன்னா குடுக்காதீக" என்றார். சூடு ஆறாத இரும்பு நெஞ்சில் சுட்டது.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். காலையில் போனால் இருட்டியபின் வருவார். வீட்டு முன்னறையில் மதினியும் நானும் சேர்ந்து ஒரு சின்ன லேபிள் பிரஸ் நடத்தினோம். அவர் கம்ப்யூட்டரில் படம் வரைவார், நான் அச்சடிப்பேன். சங்குசக்கரப் பெட்டிக்கும் புஸ்வாணப் பெட்டிக்கும் அவர் வரைந்த மயில்களும் யானைகளும் எத்தனையோ வீட்டு வாசல்களில் தீபாவளி மறுநாள் குப்பையாகக் கிடந்திருக்கும். ஒரு சீசன் நடுவில், ஆர்டர் கொடுத்தவர் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது, அவர் வரையும் மென்பொருள் திறக்க மறுத்தது. உரிமம் முடிந்துவிட்டது, புதுப்பித்தால்தான் திறப்பேன் என்றது. உள்ளே இருந்தவை முழுக்க மதினியின் படங்கள். அன்று அவர் கோபப்பட்டதைப்போல நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நான் வரைஞ்ச மயிலை நான் பாக்கணும்னா எவன்ட்டயோ கேக்கணுமாக்கும்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதைக் கொடுக்கும்போது அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும், நடுவில் யாரும் பூட்டுப்போட முடியாது. இதை மதினி ஏதோ புதிய மதத்தைக் கண்டுகொண்டவரைப்போலச் சொல்லித் திரிந்தார். நான் அதிகம் காதில் வாங்கவில்லை. ஆனால் அவருக்கு அது கம்ப்யூட்டரோடு நிற்கிற விஷயமாக இருக்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் அவருடைய அப்பாவுக்கு ஒரு கிணற்றில் பங்கு இருந்தது. அண்ணன் தம்பிகள் முறைவைத்து இறைத்த கிணறு. ஒரு சித்தப்பா தன் பங்கை வெளியாளுக்கு விற்றார். வாங்கியவர் மோட்டார் போட்டு, மோட்டாருக்கு ஓர் அறை கட்டி, அறையைப் பூட்டினார். மற்றவர்கள் கிணற்றை எட்டிப் பார்க்க மட்டும் முடிந்தது. அதற்குப் பிறகு மதினியின் அப்பா தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போனார்.

எங்கள் தெருவில் ஐந்து சின்னத் தொழில்கள் இருந்தன. லேபிள் நாங்கள், நோட்டு பைண்டிங் ஒருவர், காலண்டருக்கு அட்டை ஒட்டுகிறவர் ஒருவர், பெட்டி செய்கிற ஓர் அக்கா, கவர் ஒட்டுகிற ஒரு குடும்பம். எங்கள் ஐந்து பேருக்கும் காகிதம் வெட்ட வழி பெரிய பிரஸ் ஒன்றுதான். அங்கே அவர்கள் வேலை முடிந்த பிறகுதான் எங்கள் லோடு. வெட்டுக்காகக் காத்துக் கிடந்து ஆர்டர் தவறிய கதை ஒவ்வொருவரிடமும் உண்டு. மதினி வீடு வீடாகப் போய்ப் பேசி, ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒரு பழைய கட்டிங் மெஷினையும் அதை வைக்க ஒரு ஷெட்டையும் வாங்கும்படி செய்தார். ஷெட்டின் சுவரில் நீலப் பெயிண்டில் விதிகளை எழுதவைத்தார். யாரும் ஓட்டலாம். யாரும் திறந்து பார்க்கலாம். யாரும் மாற்றலாம், மாற்றினால் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். யாரும் பூட்டக் கூடாது. பங்கை வெளியே விற்க முடியாது. விலகுகிறவர் விட்டுவிட்டு விலகலாம். இவற்றில் எதையும் திருத்த ஐந்து பங்கின் கையெழுத்தும் வேண்டும். இதைப் பத்திரமாகவும் பதிந்தார். கிணற்றை மனதில் வைத்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக் கட்டியிருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அத்தனை ஓட்டையையும் அடைத்தால் நாமும் வெளியே வர முடியாது என்பது தெரியவில்லை.

முதல் வருடங்கள் நன்றாகத்தான் இருந்தன. "யாரும்" என்றால் யாரும்தான் என்று மதினி சொல்லிவிட்டதால், பங்கில்லாதவர்களும் வந்தார்கள். பெட்டி ஒட்டும் பெண்கள் நாரணாபுரத்திலிருந்து தலையில் அட்டைக்கட்டோடு வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் மெஷினுக்கு மேலே விளக்குத் தொங்கவிட்டார். பெட்டிக்கார அக்கா காகிதம் நழுவாமலிருக்க மரத்தில் ஓர் அணைப்பு செய்து பொருத்தினார். அதன் அளவுகளை மதினி வரைந்து சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்து வேறு தெருக்காரர்கள் தங்கள் மெஷினுக்கும் செய்துகொண்டார்கள். மதினிக்கு அதில் பெருமை தாங்கவில்லை. "பாத்தீகளா, பரவுது" என்பார்.

அந்த மெஷினில் கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் கை இருக்காது. ஆனால் சீசனில் வழவழப்பான லேபிள் கட்டு அந்த மர அணைப்புக்கும் அடங்காமல் நழுவும். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அமுக்க முடிந்தால் வேலை ஓடும். பைண்டிங்காரர் பொத்தான் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு சின்ன ஒயரை இணைத்தார். அதற்குப் பிறகு வலது பொத்தான் மட்டும் போதும். விதிப்படி எல்லோரிடமும் வந்து சொன்னார். "மாத்திட்டேன், சொல்லிட்டேன், பொறவு சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்றார். பலருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மதினிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாற்றாதே என்று சொல்ல அவரிடம் விதி இல்லை. தானும் "யாரும்" என்பதற்குள் அடங்கியவர்தானே என்று, மறுநாள் காலையில் ஸ்க்ரூடிரைவரோடு போய் ஒயரை எடுத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னார். மதியம் பைண்டிங்காரர் மறுபடி போட்டார், சொன்னார். காலையில் எடுப்பதும் மதியம் போடுவதுமாகத் தெருவுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "இப்ப ஒத்தக்கையா, ரெட்டக்கையா?" என்று கேட்டுக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு பொத்தானும் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஒயர் பெட்டிக்குள்ளே.

ஆடி வெள்ளி ஒன்றில் மதினி விடியும்போதே ஒயரை எடுத்துவிட்டு இருக்கன்குடி கோயிலுக்குப் போனார். அன்று பைண்டிங்காரர் மதியம்வரை காத்திருக்கவில்லை, காலையிலேயே போட்டுவிட்டார். தெருவில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார், என்னிடமும் சொன்னார். மதினியிடம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். மதினி பஸ்ஸை விட்டிறங்கி, நெற்றியில் திருநீறு காயாமல், வீட்டுக்கு வராமல் நேரே ஷெட்டுக்குப் போனார். அவசர லோடு ஒன்று நின்றது. ரெட்டைக் கை என்ற நம்பிக்கையில், வலது கையைப் பொத்தான்மேல் வைத்தபடியே, கட்டைச் சரிசெய்ய இடது கையை உள்ளே விட்டார்.

அன்றைய என் நாட்குறிப்பில், மழை இல்லை என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இடது கையில் மூன்று விரல்கள் பாதியோடு போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மதினி திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்: "நான் காலையில ஒயரை எடுத்தேனே?" வெளியே வராண்டாவில் பைண்டிங்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "நான் எல்லார்ட்டயும் சொன்னேனே, எல்லார்ட்டயும் சொன்னேனே" என்று அழுதுகொண்டிருந்தார். இரண்டும் உண்மை. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான் நடந்துகொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் மதினி சொன்னார்: "கம்ப்யூட்டர்ல எம்படத்தை எடுத்து பைண்டிங் அண்ணாச்சி மாத்துனாருன்னா அவருகிட்ட இருக்கதுதான் மாறும். எம்மயில் எங்கிட்ட அப்படியே இருக்கும். இங்க இருக்கது ஒத்த மெஷின்லா கொழுந்தனாரே. அவரு மாத்துனா எனக்கும் மாறிருது. இதை நான் யோசிக்கவே இல்ல பாருங்க." குரலில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. அக்கா செய்த மர அணைப்பு ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம், பரவியது மரம் அல்ல, சுவரில் ஒட்டிய அளவுகள். அளவைப் பிரதி எடுக்கலாம். இரும்பு ஒன்றுதான்.

பொத்தான் பெட்டிக்கு மட்டும் ஒரு பூட்டுப் போட்டுவிடலாம் என்று மதினியே சொன்னார். பைண்டிங்காரர் முதல் ஆளாகக் கையெழுத்திடத் தயாராக இருந்தார். ஆனால் காலண்டர்காரர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அவர் பங்கு மூன்று மகன்களுக்கு வந்திருந்தது. விற்க முடியாதபடி கட்டியிருந்தாரே தவிர, பங்கு பிள்ளைகளாகப் பிரிவதை மதினி தடுத்திருக்கவில்லை. கிணறு எப்படியோ உள்ளே வந்துவிட்டது. மூத்தவர் கையெழுத்துப் போட்டால் நான் போடமாட்டேன் என்றார் இளையவர். நடுவிலுள்ளவர் கோயம்புத்தூரில், அவர்கள் இரண்டு பேரும் போடட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பல தடவை போய் வந்தோம்.

"யாருகிட்டயும் கேக்காம பூட்டைப் போட்ருவோம் மதினி. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"பெரிய பிரஸ்காரரு அந்தப் பிள்ளைகட்ட பங்கை வெலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்காரு, தெரியும்லா? அவரை இன்னைக்கு வரைக்கும் வெளிய நிப்பாட்டி வச்சிருக்கது அந்தச் சொவத்து எழுத்துதான். நாமளே ஒரு தடவை மீறிட்டோம்னா, அடுத்து அவரு மீறுவாரு. அவருக்கு நாம என்ன பதில் சொல்ல?"

மறுநாள் மதினி ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். மூடிவிட்டு, மிச்சமிருந்த விரல்களால் இடது பொத்தானை மட்டும் அமுக்குவார். பிறகு வலதை மட்டும். மெஷின் சும்மா இருக்கும். "ஓட்டுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் எவரும் காகிதத்தைத் தொடுவார்கள். இப்படியே வருடங்கள் போயின. வரைகிற வேலையை வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒரு கையால் செய்தார். கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு அண்ணன் தனியாகப் போய்வந்தார். "நான் கட்டுன வீட்டுக்குள்ள நானே மாட்டிக்கிட்டேன், வாசலை எங்கன வச்சேன்னு தெரியலை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போன பங்குனியில் காய்ச்சலில் படுத்த மதினி எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாள் காலை பைண்டிங்காரர் என்னைக் கூப்பிட வந்தார். ஷெட்டின் ஷட்டர் திறந்துதான் கிடந்தது, என்றும்போல. காகிதக் கட்டுகளோடு ஏழெட்டுப் பேர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. "வாங்க, வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர். ஒரு நாளைக்கு என்று உட்கார்ந்தேன்.

என் மனைவி விருதுநகரில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் போகிறேன், இரவே திரும்பிவிடுகிறேன். "எப்பப்பா வந்து சேரப் போறீக?" என்று மகள் கேட்கிறாள். விலகுகிறவர் விட்டுவிட்டு விலகலாம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. என்னை நிறுத்திவைக்கிற வரி எதுவும் அங்கே இல்லை. ஆனால் நாரணாபுரத்துப் பெண்கள் அட்டைக்கட்டை இறக்கிவைத்துவிட்டு என் கையைத்தான் பார்க்கிறார்கள். யார் யாரோ வந்து ஓட்டுகிற மெஷின். காலையில் போட்ட ஒயரைப் பற்றி அன்று நானும் கேள்விப்பட்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன வாரம் துணிந்துவிட்டேன். ஷெட்டையே பூட்டி, சாவியைக் காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று பொறுப்பாக வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்துச் சொன்னால் நான் கிளம்பிவிடலாம். கையெழுத்தாவது விதியாவது. இழுப்பறையிலிருந்து கொண்டியை எடுத்துக்கொண்டு வெல்டிங்காரரைக் கூட்டிவந்தேன். இளவட்டப் பையன். கொண்டியை வாங்கித் துருவை விரலால் தேய்த்துப் பார்த்தான். ஷட்டரைப் பாதி இறக்கி, மதினி அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தான். அப்போது நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில், மெஷின்மேல் கைவைத்து நின்றேன். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே அவன் கால்களும், காத்திருந்த பெண்களின் கால்களும் மட்டும் தெரிந்தன.

"அண்ணாச்சி, எங்கன வைக்க?" என்று வெளியிலிருந்து கேட்டான். "உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். நான் நிற்பது உள்பக்கம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அண்ணாச்சி, லோடு நிக்கி. பாத்துச் சொன்னீகன்னா ஓட்டிட்டுப் போயிருவோம்" என்றது ஒரு பெண் குரல்.

"நாளைக்குச் சொல்லுதேன்பா" என்று பையனிடம் சொன்னேன். ஷட்டரை மேலே தள்ளிவிட்டு, கொண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதைச் சட்டைப் பையில் போட்டேன். அவன் வெயிலில் வைத்திருந்ததால் அன்றுபோலவே சுட்டது. பெட்டியைத் திறந்து பார்த்து மூடினேன். இடது பொத்தானை மட்டும் அமுக்கினேன். பிறகு வலது. மெஷின் சும்மா இருந்தது.

"ஓட்டுங்க" என்றேன்.