வேரில் விழுந்த புண்

ஓரகத்தி அன்னப்பழத்தின் எருமை கன்று ஈன்றால்கூட சிவனணைந்தாளுக்குச் சோறு இறங்காது. தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய புஞ்சைக் காட்டை அண்ணன் தம்பி பாகம் பிரித்த நாள்முதல் அப்படித்தான். யுத்த காலத்தில் மழை பொய்த்து உப்புக்காற்று வீசிய வருஷம், இவளுடைய உளுந்து மஞ்சளடித்தது. அவளுடையதோ கரும்பச்சையாக நின்றது. இவளுக்கு வயிறு எரிந்தது. ஆளில்லாத உச்சிவேளையில் வரப்பைத் தாண்டிப்போய் அவள் செடி ஒன்றைப் பிடுங்கினாள். வேரெல்லாம் கொப்புளம்! ஒன்றை நகத்தால் கிள்ளினாள்; உள்ளே ரத்தச் சிவப்பு. தன் செடியையும் பிடுங்கிப் பார்த்தாள். வேர் வழவழவென்று சுத்தமாக இருந்தது. வயிறு குளிர்ந்தது.

"அவ பயிருல புண்ணு விழுந்திருக்கு" என்று கிணற்றடி முழுக்கச் சொன்னாள்.

கேள்விப்பட்டு அன்னப்பழமே வீடு தேடி வந்தாள்.

"அக்கா, அது புண்ணு இல்ல. அந்த வேர் முடிச்சுதான் செடிக்கு உரம்; அது உள்ள சிவந்திருந்தாத்தான் செடி வறட்சியையும் உப்பையும் தாங்கும். எங்க அம்மை வீட்டுப் பழைய உளுந்துக்காட்டு மண்ணை வெதையோட பெரட்டி வெதச்சேன்; அதுலதான் முடிச்சு விழுந்துச்சு. ஒங்களுக்கும் ஒரு பெட்டி மண்ணு தாரேன்."

"ஒன் மண்ணு எனக்கு எதுக்குளா?"

கதவை அறைந்து சாத்தினாள் சிவனணைந்தாள். அதன் பின்னால் நின்றுகொண்டு பொருமினாள்: அந்தப் புண்ணும் அவளுக்குத்தானா வாய்க்கணும்!