கிணற்றுப் பாசியில் ஒரு கூடுதல் கோடு

ஆராய்ச்சி மாணவி என்பது, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பதில் சொல்லவேண்டிய வேலை. தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் நாலரை வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். செல்லுக்குள் டி.என்.ஏ. என்ற நூலைச் சுருட்டி வைக்கிற புரதங்கள், பாசியில் தொடங்கி பெரணி, பூக்காமலே விதை வைக்கிற ஈந்துப்பனை, நெல் என்று செடிகள் வந்த வழியில் எப்படி மாறின என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. முனைவர் பட்டம் வாங்கியவர்களும், வாங்காமலே ஊருக்குப் பஸ் ஏறியவர்களும், "அடுத்த வருஷம் முடிச்சிருவேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டால் எனக்குப் போதும்.

வைண்டிங் செக்சன்

பீளமேட்டில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பழனிசாமி, நூல் மில்லில் மேஸ்திரி. மாடியில் இருக்கிறவள் படிக்கிறாளா, வேலைக்குப் போகிறாளா என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "முப்பதை எட்டப் போகுது, இன்னமும் பரீட்சையாங்க?" என்று அவர் மனைவி கேட்டதில் எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கோபம் வந்தால் சண்டை போட மாட்டேன், விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இரண்டில் எது கொடுமை என்று கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் முழக்கணக்கில் நூல் இருக்கிறது, சிக்கல் விழாமல் இருக்க அதைக் குட்டிக் குட்டி பாபின்களில் சுற்றி வைத்திருக்கிறது, அந்த பாபின்தான் ஹிஸ்டோன் புரதம் என்றேன். சுற்றியது அவிழாமல் மேலே ஒரு பூட்டுப் புரதமும் உண்டு. பாபின் கோடிக்கணக்கான வருடங்களாக மாறவே இல்லை. பட்டாணியின் பாபின் புரதம் ஒன்றையும் பசுவினுடையதையும் பக்கத்தில் வைத்தால் புரதச் சங்கிலியின் நூற்றிரண்டு கண்ணிகளில் இரண்டுதான் வேறு. பூட்டுதான் இனத்துக்கு இனம் மாறும். மேஸ்திரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியில் உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "நம்ம வைண்டிங் செக்சன் வேலைதான் புள்ள. சிப்டு கெடையாது, அவ்வளவுதான்."

கிணற்றுக்குள் நான்

பாசி எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் கோயமுத்தூர் வெயிலைப் பார்த்ததில்லை. சித்திரையிலும் காயாத, ஒரே இனமாக அடர்ந்து கிடக்கிற பாசி எனக்கு வேண்டியிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு அந்தப் பக்கம் சின்னச்சாமிக் கவுண்டர் என்ற விவசாயியின் தோட்டத்துக் கிணற்றில், வெயில் படாத மூலையில், கல்லிடுக்கு முழுக்க வெல்வெட்டு மாதிரி இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்படியில் இறங்கினேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் டப்பா, வாயில் எல்லா சாமி பெயரும்.

கவுண்டரும் அவர் மனைவியும் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்த மருந்தா? இல்லை. உரமா? இல்லை. தேங்காய் பிடிக்காத தென்னைக்கு ஏதாவது? அதுவும் இல்லை. நான் ஏறி வந்து மூச்சு வாங்கியபோது ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பரிதாபமாகச் சொன்னார்: "மனுசனுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. இதுக்குப் போயி உசுரக் குடுத்து எறங்கறீங்களே அம்மணி, ஊட்ல யாரும் கேக்க மாட்டாங்களா?"

பாய் கடையில் பாடம்

செடிகளின் புரதத்தை ஒப்பிட, பக்கத்தில் ஒரு விலங்கின் புரதமும் வேண்டும். அது நம் கையில் உள்ள முழக்கோல். வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பியில் வரும். வர ஆறு மாதம் ஆகும். இளங்குட்டியின் நெஞ்சுக்கு மேலே இருக்கிற தைமஸ் சுரப்பியில் ஹிஸ்டோன் மண்டிக்கிடக்கும் என்று படித்துவிட்டு, உக்கடத்தில் ஒரு ஆட்டுக்கறிக் கடைக்குப் போய் நின்றேன். சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கடைக்கார பாயிடம் சுரப்பியின் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை. நானோ கறியைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி, என் தொண்டைக்குக் கீழே தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெள்ளையாக ஒரு சதையை எடுத்து இலையில் வைத்தார். எதற்கு என்று கேட்டார், அரைத்துப் புரதத்தைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்ப்பேன் என்று சொன்னேன். ஆட்டுக்கும் பாசிக்கும் உள்ளே ஒரே மாதிரி பாபின் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் நான் எப்போது போனாலும் தனியாக எடுத்து, ஐஸ் போட்டு வைத்திருப்பார். ஒரு தடவைக்கு இரண்டு பங்காகக் கொடுப்பார். வேண்டாம் பாய், இவ்வளவு எதுக்கு என்றால் ஒரே பதில்: "வச்சுக்கம்மா. படிக்கிற புள்ள அளந்து அளந்து ஊத்தக் கூடாது."

அந்தக் கோடு

புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை இதுதான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கெட்டியான ஜெல். அதன் மேல்விளிம்பில் சீப்பு வைத்து எடுத்த பள்ளங்கள். பள்ளத்துக்கு ஒரு உயிரின் புரதம் என்று ஊற்றி மின்சாரம் விட்டால், புரதங்கள் அளவுக்குத் தக்கபடி கீழே ஓடும். கரண்ட் போகாமல் இருந்தால் ஓடும் என்று சொல்ல வேண்டும். நீலச் சாயம் போட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கீழே கோடு கோடாகத் தெரியும். நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் ஊற்றுவேன்: ஆடு, பாசி, பெரணி, ஈந்துப்பனை, நெல். முழக்கோலான ஆட்டை விட்டுவிட்டால், பரிணாமம் இடமிருந்து வலமாக நடந்துபோகிற மாதிரி அழகாக இருக்கும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய என் கைடுக்கும் அந்த வரிசை ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாம் வருடம், பாசியில் மட்டும் பூட்டுப் புரதத்துக்குச் சற்றுக் கீழே மெல்லியதாக ஒரு கூடுதல் கோடு தெரிந்தது. பெரணியில் இல்லை, ஈந்துப்பனையில் இல்லை, நெல்லில் இல்லை. திரும்பச் செய்தேன், இருந்தது. எட்டு தடவை செய்தேன், எட்டு தடவையும் இருந்தது. செடிகள் தரைக்கு வந்த காலத்தில் இருந்த பழைய பூட்டு ஒன்றைப் பாசி மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது, பின்னால் வந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள்! என் கைடு வீட்டில் தெலுங்கு பேசுபவர், அமைதியானவர், ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் உணர்ச்சிவசப்பட்டு என்னிடமே தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார். பெங்களூரில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு அன்றைக்கே ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார். என் ஆய்வேட்டின் பாதி அந்த ஒரு கோட்டின்மேல் நின்றது. தமிழுக்குத் திரும்பியதும் சொன்னார்: "ஏம்மா வாசுகி, முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கல. இது போதும்."

ரங்கண்ணன் கேட்ட கேள்வி

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி கழுவுவது, சாயம் மாற்றுவது எல்லாம் ரங்கண்ணன் என்ற உதவியாளர். கிணத்துக்கடவுப் பக்கம். வீட்டில் பதினைந்து வெள்ளாடு வைத்திருந்தார். கருத்தரங்குக்குப் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று ஒன்பதாவது ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்தோம். எது எது என்று விரலை வைத்துக் கேட்டார். இது ஆடு, இது பாசி, இந்தக் கோடுதான் உலகத்திலேயே நமக்கு மட்டும் தெரிஞ்ச கோடு என்று காட்டினேன். அவர் அந்தக் கோட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினார். அதே மட்டத்தில் ஆட்டின் பூட்டுக் கோடு தடியாக இருந்தது.

"இதெல்லாம் எப்பவும் இந்த வரிசைலதான் ஊத்துவீங்களா?" என்றார். ஆமாம், எப்பவுமே என்றேன், பெருமையாகத்தான். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். கிண்டல் ஏதும் இல்லை, ஆடு வளர்க்கிறவரின் நியாயமான சந்தேகம் அது: "ஏனுங்க அம்மணி, எந்நேரமும் ஆட்டுக்குப் பக்கத்துலயே பாசியக் கட்டிப் போட்டா, ஒரு வாயி மேயாம உடுமாங்க?"

இடம் மாற்றம்

மறுநாள் வரிசையை மாற்றினேன். ஆட்டுக்குப் பக்கத்தில் நெல், பாசி கடைசியில். சாயம் போட்டு எடுத்தபோது கூடுதல் கோடு நெல்லில் இருந்தது. பாசி சுத்தமாக இருந்தது. சீப்பின் பல் வளைந்து, பள்ளங்களுக்கு நடுவே சுவர் மெலிந்துபோயிருந்தது. பாய் தாராளமாகக் கொடுத்ததை நானும் தாராளமாக ஊற்றியிருந்தேன். ஆடு ஒன்பது தடவையும் சுவரேறிக் குதித்துப் பாசிக்குள் போயிருக்கிறது. ஆட்டின் மற்றக் கோடுகள் பாசியின் சொந்தக் கோடுகளோடு கலந்து மறைந்துவிட, பூட்டுக்கு மட்டும் ஒளிய இடமில்லை. வரிசையை ஒரே ஒரு தடவை மாற்றியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அழகு கெட்டுவிடும் என்று மாற்றவில்லை.

அந்த ஜெல்லை ஒரு நாள் முழுக்க அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்குத் தெரியப் போகிறது, ரங்கண்ணன் யாரிடம் சொல்லப் போகிறார் என்று மனது கணக்குப் போட்டது. அதைவிட, "இது போதும்" என்று சொன்ன மனிதரிடம் போய் அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் காலை பழையதும் புதியதுமாக இரண்டு ஜெல்லையும் எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு கருத்தரங்குக்காரர்களுக்கு, சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் அதில் இல்லை. உறையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தார்: "நம்ம ஆடு, நம்மளே புடிச்சுட்டோம். ஊரான் புடிச்சிருந்தா பவுண்டுப் பட்டிலல்ல அடைச்சிருப்பான்? போ, போயி மொகத்தக் கழுவு."

பூசாத மூலை

ஆய்வேட்டின் பாதியைக் கிழித்துப்போட்டு, மீதியை வைத்து எழுதினேன். பாபின் நால்வருக்கும் ஒன்று, பூட்டு நால்வருக்கும் நாலு அளவு, பாசியில் அதிசயம் எதுவும் இல்லை. எழுதி முடித்தபின் ஒரு கடன் பாக்கி இருந்தது. கோடு தெரிந்த காலத்தில் வாய் சும்மா இருக்காமல், "உங்க கிணத்துப் பாசி மாதிரி உலகத்துல வேற இல்லைங்க" என்று கவுண்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதைத் திரும்ப வாங்கப் போனேன்.

கல்படியில் நின்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். கல் சரிகிறது என்று உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தார்கள், என் மூலையை மட்டும் விட்டுவிட்டு. அங்கே பாசி முன்போலவே பச்சையாக இருந்தது. "கொத்தனார் சத்தம் போட்டாருங்க. கோயமுத்தூர் அம்மணி வரோணும், இந்த மூலைய உட்டுட்டு அக்கட்டால பூசுன்னு சொல்லிப்போட்டனுங்க" என்றார் கவுண்டர். அங்கேயே நின்று, ஆடு மேய்ந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் பாசியில் விசேஷம் ஒன்றும் இல்லை, நெல்லுக்குள் என்ன பாபினோ அதேதான் இதற்குள்ளும், என்னை மன்னிச்சிருங்க, இனி தாராளமாகப் பூசிவிடலாம் என்றேன்.

கவுண்டர் மனைவி மோர் எடுத்துவர உள்ளே போனார். கவுண்டர் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். ஏமாந்த முகமாக எனக்குத் தெரியவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பால் பிடித்து நின்ற நெல்லைப் பார்த்தார், திரும்பப் பாசியைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நாம சோறு திங்கற நெல்லுக்கு என்ன இருக்குதோ, அதே சாமான்தான் இதுக்குள்ளயும்னா, எங்க பாசி ஒண்ணும் கொறஞ்சு போயிடலீங்களே அம்மணி. இருந்துட்டுப் போகட்டும், பூச வேண்டாமுங்க."

கோடிக்கணக்கான வருடமாக மாறாத ஒன்றைத் தேடிப் போன எனக்குப் பட்டம் கிடைத்தது உண்மைதான், ஆனால் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாம் என்று தோன்றவே மூணு வருடம் பிடித்தது.